மூன்றாவது கேள்வி சின்னதாக இருக்க வேண்டும்

கரா-ஜில்கா என்ற மலைக் கிராமத்தில் கல்மூர்சா பக்கத்து வீட்டுக்கு உப்பு கேட்டுப் போவதென்றால், தெருவில் நின்று முதலில் கத்தியாக வேண்டும். "ஒண்ணுமில்ல, உப்புக்குத்தான் வந்தேன்!" கத்தாமல் வாசலைத் தாண்டினால், உள்ளே யாராவது ஒரு பெண் மாவுக் கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை தொண்டை கட்டியிருந்த நாளில் சத்தம் எழும்பாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். ஒப்பாரி தொடங்கிவிட்டது. யார் செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்துகொண்டன. கல்மூர்சா ஒரு கைப்பிடி உப்போடு வீடு திரும்பினார்.

அவர் சாவுச் செய்தி சொல்கிறவர். அந்த மலைப்பக்கத்தில் சாவை நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. 'உன் மகன் இறந்துவிட்டான்' என்று சொல்கிறவன் அந்த மகனை இன்னொரு தடவை கொன்றவன் ஆகிறான். வேறெதையோ பேசுவதுபோலப் பேசி, கேட்கிறவரே அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லும்படி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதற்கு நாக்கும் வேண்டும், நெஞ்சும் வேண்டும். கல்மூர்சாவுக்கு நாக்கு இருந்தது. நெஞ்சும் இருந்தது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள், அவர் உட்பட.

இளவயதில் அவர் பழைய அரசாங்கச் சுரங்கத்தில் மரம் வெட்டினார். குழிக்குள் கூரையைத் தாங்க நிறுத்தும் முட்டுமரம். குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, சுரங்கத் தொழிலாளர் மன்றத்து மேடைக்கு இழுத்துக்கொண்டார்கள். மாதாமாதம் வெட்டிய நிலக்கரிக் கணக்கை வாசிப்பது வேலை. 'இலக்கைத் தாண்டினோம்' என்ற வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினால் கூட்டம் தானாகக் கைதட்டுகிறது என்பதை இரண்டாவது மாதமே கண்டுபிடித்தார். அதே வரியை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னால் முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைக்கிறார்கள். டன் கணக்குக்கு அழுத ஜனங்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. பிறகு அரசாங்கம் கலைந்தது, சுரங்கம் மூடியது, மன்றத்தின் நாற்காலிகள் ஆளுக்கொரு வீட்டுக்குப் போயின. குரல் மட்டும் யாரும் தூக்கிப்போக முடியாத சொத்தாக மிஞ்சியது. அது சாவு வீடுகளுக்குப் போனது.

கல்யாணங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. வாழ்த்துச் சொல்ல வேறு ஆள் இருந்தான், பல் நிறையத் தங்கம் கட்டிய ஆள். கல்மூர்சாவின் மனைவி பூருலுக்கு இந்த விஷயத்தில் தீராத குறை. "ஊருல விருந்துக்கு எத்தனை குதிரை அடிச்சாங்க, எத்தனை பொண்ணு கட்டிக்குடுத்தாங்க, நமக்கு ஒரு எலும்பு வந்துச்சா? சாவு வீட்டுக் கறியைத் தின்னே என் பல்லு தேஞ்சு போச்சு" என்பாள். வீட்டில் அவர் பேச்சு அவளிடம் எடுபடுவதில்லை. ஏதாவது நீட்டி ஆரம்பித்தால், "மூணு கேள்வி வேணாம். என்ன வேணும், டீயா? டீன்னு சொல்லுங்க" என்று வெட்டிவிடுவாள்.

மூன்று கேள்விதான் அவருடைய முறை. எல்லாமே 'இல்லை' என்று பதில் வரும் கேள்விகள். முதலாவது நீளமாக, கேட்கிறவரின் முற்றத்திலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் தள்ளி, ஆறு, மலை, வானம் என்று போகலாம். மூன்றாவது சின்னதாக இருக்க வேண்டும், குழந்தைக்குக்கூடப் பதில் தெரிந்ததாக. மூன்று முறை தன் வாயாலேயே 'இல்லை' என்று சொன்னவளுக்கு, நாலாவதாக வருவதை மறுக்க வாயில் ஒன்றும் மிச்சமிருக்காது. இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்கினால் கருணை மாதிரி இருக்காது.

அனார்கானின் மூத்த மகன் மெதெர் குழிக்குள் மண் சரிந்து செத்த அன்று காலை, குழியின் சொந்தக்காரன் எசென்கூல் தானே வண்டி ஓட்டிக்கொண்டு கல்மூர்சாவைக் கூப்பிட வந்தான். பழைய சுரங்கத்தின் ஓரமாக ஆளை வைத்து எலிப் பொந்து மாதிரி குழிகள் தோண்டி கரி எடுத்துக்கொண்டிருந்தவன். அரசாங்கச் சுரங்கத்தில் ஒரு காலத்தில் கணக்கு எழுதினான். மேடையில் கல்மூர்சா வாசித்த கணக்கெல்லாம் அவன் எழுதியதுதான்.

"அண்ணே, என்னால அந்தம்மா மூஞ்சில முழிக்க முடியாது" என்றான். கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன. "நீங்க சொன்னாத்தான் தாங்குவாங்க."

அனார்கான் விதவை. முற்றத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கிழவர்களோடு கல்மூர்சா வாசலில் நின்றார். கத்தவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, வேகமாக, சிரிக்க முயன்றபடி கேட்டாள்.

"என்ன அண்ணே, உப்புக்குத்தானே வந்தீங்க? இருக்கு, உள்ள இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"உக்காரு, அனார்கான்."

"சீனி வேணுமா? அதுவும் இருக்கு."

"உக்காரும்மா. ஒண்ணு கேக்கணும். போன வசந்தத்துல இந்தக் கம்பத்துல கட்டியிருந்தியே அந்தச் செம்பட்டைக் குதிரைக்குட்டி, கயித்தை அறுத்துக்கிட்டு மேல் மேய்ச்சலுக்கு ஓடிச்சே. வயித்துல வெச்சு வளத்த மாதிரிதான் வளத்தே. அது ஓடணும்னு நெனச்சப்போ, உன் கயிறு நின்னுச்சா?"

"இல்ல அண்ணே."

"ஆத்துல வெள்ளம் வந்துச்சு. என் கரையை மட்டும் விட்டுட்டுப் போன்னு கேட்டவங்க பேச்சை அது கேட்டுச்சா?"

"இல்ல."

"நேத்து பனி பெய்யறதை நிறுத்த முடிஞ்சுதா?"

"இல்…" என்றாள். சொல் பாதியில் நின்றது. மாவுக் கையைப் பார்த்தாள். "மெதெரா?" என்றாள்.

கல்மூர்சா தலை குனிந்தார். எந்தச் சாவிலும் அவர் 'செத்தான்' என்ற வினைச்சொல்லை உச்சரித்ததில்லை. அன்றும் உச்சரிக்கவில்லை. அவள் விழுந்தபோது தாங்கிப் பிடித்தது அவர்தான், அழுததும் அவர்தான். அவர் எப்போதும் கூடவே அழுவார். அது நடிப்பில்லை. தன் பேச்சைத் தானும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர், அழாமல் என்ன செய்வார்?

முற்றத்தில் கம்பளக் கூடாரம் எழுந்தது. பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே தடியை ஊன்றிச் சாய்ந்து நின்று, வருகிறவர்களை எதிர்கொண்டு அழுதார்கள். எசென்கூல் கறிக்குக் குதிரை அனுப்பினான், மாவு அனுப்பினான், கொப்பரைக்கு விறகு அனுப்பினான். எல்லாம் முகம் சுளிக்காமல். பிணம் எடுப்பதற்கு முன்னால் கல்மூர்சாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்:

"அண்ணே, வழக்கமாக் கேக்கறதைக் கேளுங்க. கூடவே இன்னொண்ணு. அம்மாவுக்கு யார்மேலயாவது மனக்குறை உண்டான்னும் ஒரு வார்த்தை. அவங்க மனசு லேசாகும். இளையவன் ஏர்மெக்குக்கு அண்ணன் எடத்துல வேலை குடுக்கறேன்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் அது மரியாதை."

தொழுகைக்கு முன்னால், செத்தவனுக்கு நெருங்கியவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து 'இவன் எப்படிப்பட்டவன்?' என்று கேட்பார். 'நல்லவன்' என்று கூட்டம் சொல்லும். திருடனாக இருந்தாலும் நல்லவன்தான். பிறகு, இவனிடம் யாருக்காவது குறை உண்டா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இல்லாவிட்டால் மன்னித்து விடுங்கள் என்பார். செத்தவனிடம் யாருக்குக் குறை என்றுதான் கேட்கிறார்கள். செத்தவனுக்கு யாரிடம் குறை என்று கேட்கும் வழக்கம் இல்லை. அவனால் பதில் சொல்ல முடியாது என்பதால் இருக்கலாம். எசென்கூல் கேட்டது அதைத்தான், செத்தவனுடைய தாயின் வாய்வழியாக. கல்மூர்சாவுக்கு இது உறுத்தவில்லை. பேச்சின் அழகுக்கு அது பொருந்தியது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி, அதுவும் கம்பளச் சுவருக்கு அப்பால் இருக்கும் தாயைப் பார்த்து. அவர் உள்ளம் அப்போதே வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது. தொழுகைக்கு முன்னால் கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டார்:

"மலைமேல கோபப்பட்டு மலை நகருமா? இல்லை. மண்ணுமேல கோபப்பட்டு மண்ணு திருப்பித் தருமா? இல்லை. அனார்கான், உன் பால் குடிச்சவன் பாரமில்லாமப் போகட்டும். நீ ராஜியா?"

கம்பளத்துக்கு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ராஜி."

கூட்டத்தில் எலும்பெல்லாம் உருகியது. கிழவர்கள் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். இப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை என்று பின்னால் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜி என்றால் யார்மேலும் குறையில்லை என்று ஏற்றுக்கொள்வது. பிணத்தின் முன்னால் சொன்ன சொல் சொல்தான். அதற்குமேல் தாய் எங்கேயும் மனு கொடுக்க முடியாது. தாய் கேட்காமல் மாவட்டத்திலிருந்து ஆய்வாளர் வரமாட்டார். ஆய்வாளர் வராவிட்டால் குழி குழியாகவே இருக்கும். இந்தக் கணக்கையும் எழுதியவன் எசென்கூல். வாசித்தவர், வழக்கம்போல, கல்மூர்சா.

நாற்பதாம் நாள் சாப்பாட்டில்தான் அவருக்குத் தெரிந்தது. கொப்பரைக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது, எசென்கூல் அனுப்பிய விறகு. கை காய்ச்சிக்கொள்ளக் குனிந்தவர், ஒரு கட்டையின் முனையைப் பார்த்தார். வளைவாக ஒரு வெட்டு, கிண்ணம் மாதிரி. குறுக்கு உத்தரம் அசையாமல் உட்காருவதற்காக முட்டுமரத்தின் தலையில் போடும் வெட்டு. இளவயதில் அதே வெட்டை ஆயிரக்கணக்கில் போட்ட கை அது. இன்னொரு கட்டையை எடுத்தார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். மரம் வெள்ளையாக இருந்தது, கரித்தூள் படாமல். குழிக்குள் போகவே போகாத முட்டுமரங்கள். அறுத்து, பிளந்து, மெதெரின் நாற்பதாம் நாள் கறியை வேகவைத்துக்கொண்டிருந்தன.

"என்ன அண்ணே, விறகு நல்லா எரியுதா?" என்றான் பின்னாலிருந்து எசென்கூல்.

"நல்லா காஞ்ச மரம்" என்றார் கல்மூர்சா.

"ஆமா. ரொம்ப நாளாக் கெடந்துச்சு."

அவன் மறைக்கவில்லை என்பதுதான் கல்மூர்சாவை அசைத்தது. மரத்தை வாங்கினான், குழிக்குள் இறக்க ஆள்கூலி அதிகம், இறக்கவில்லை. வீணாக்கக் கூடாது என்று பாதியைத் தன் விருந்தினர் விடுதிக்குக் கூரையாக்கினான், மீதியை விறகாக்கி சாவு வீட்டுக்குத் தானம் செய்தான். அவன் பார்வையில் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஏர்மெக் இப்போது சுமை இறக்கும் இடத்தில்தான் இருக்கிறான், வருஷத் திவசம் முடிந்த பிறகு அண்ணன் வெட்டிய அதே குழிக்குள் இறங்குவான். அதைக் கூட்டத்தின் முன்னால் பெருமையாக அறிவித்தவர் கல்மூர்சா.

சில நாள் கழித்து அனார்கானிடம் போனார். தெருவில் நின்று, "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்!" என்று கத்திவிட்டுத்தான் போனார். அவள் தேநீர் ஊற்றினாள். ஏர்மெக்குக்கு வேலை கிடைத்ததையும், அவன் மனைவி மாசமாக இருப்பதையும் சொன்னாள்.

"அனார்கான், குழில முட்டுமரம் வைக்கல. அதனாலதான் சரிஞ்சுது. நீ ராஜின்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்க."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள், மேலும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பதுபோல.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"யாரு சொல்லச் சொன்னா அண்ணே?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"இல்ல, நீங்க இப்படிப் பேசற ஆளில்லையே." அவள் குரல் மெல்லக் கடினமானது. "எம்புள்ளைக்காக நீங்க பேசினது என் காதுலயே இருக்கு. அது உங்க மனசுலேர்ந்து வந்துச்சு. இது வேற யாரோ வாயில வெச்சு அனுப்பினது மாதிரி இருக்கு. ஆத்துக்கு அந்தாண்ட குழி வெச்சிருக்கானே, அவனா? எசென்கூலைக் கவுக்கணும்னு அவன்தான் அலையறான்."

"அனார்கான்…"

"செத்தவன் முன்னால சொன்ன சொல்லு அண்ணே. இங்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு அதைத் திரும்ப வாங்கினா, எம்புள்ளை வழியில நிப்பான். நீங்கதானே சொன்னீங்க, பாரமில்லாமப் போகட்டும்னு."

தான் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்ட மனிதருக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடையாது. கல்மூர்சாவிடம்கூடக் கிடையாது. எழுந்து வந்தார். ஒன்று மட்டும் புரிந்தது. கூட்டத்தின் முன்னால் சொன்னதைக் கூட்டத்தின் முன்னால்தான் எடுக்க முடியும். வருஷத் திவசத்தில் அதே ஜனங்கள் கூடுவார்கள். அன்று தாய் கறுப்பைக் களைந்து வெள்ளை முக்காடு போடுவாள். அதற்கு முன்னால் மனக்குறை இருந்தால் சொல்லலாம். முக்காடு மாற்றிவிட்டால் துக்கமும் முடிந்தது, வழக்கும் முடிந்தது.

ஏர்மெக்கிடம் போய்ச் சொல்லிப் பார்க்கவில்லையா என்றால், சொன்னார். இருபத்தாறு வயதுக்காரன், நல்ல தோள்பட்டை. "தெரியும் அண்ணே" என்றான் சாதாரணமாக. "எந்தக் குழிலதான் மரம் வெச்சான்? நான் போகலேன்னா இன்னொருத்தன் போவான். அம்மா ராஜின்னுட்டாங்க, நான் என்ன தனியாச் சண்டை போடறது? அம்மா ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே நின்னுக்கறேன்."

ஆக, எல்லாம் அந்தத் தாயின் ஒரு சொல்லில் வந்து நின்றது. அந்தச் சொல்லை முதலில் வரவழைத்தவர் அதை மறுபடி வரவழைக்க வேண்டும்.

வருஷம் முழுவதும் அவர் பேச்சைத் தயார் செய்தார் என்று சொன்னால் தவறு. பேச்சைக் களைந்துகொண்டிருந்தார். மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளும்போது ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பார். அதில் ஓர் உவமை எட்டிப்பார்க்கும், அதைப் பிடுங்கி எறிவார். அடுத்த வாக்கியம் முன்னதோடு சந்தத்தில் சேரும், அதை உடைப்பார். பறவை வந்தால் துரத்துவார், ஆறு வந்தால் தாண்டுவார். கடைசியில் ஐந்து வாக்கியம் மிஞ்சியது.

"கேட்டுப் பாரு" என்று பூருலிடம் சொல்லிக் காட்டினார்.

அவள் பால் கறந்துகொண்டே கேட்டாள். கறப்பதை நிறுத்தினாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு மனுஷன் பேசற மாதிரி பேசியிருக்கீங்க" என்றாள். பிறகு, "இதுக்குமேல ஒரு வார்த்தை வேணாம். அஞ்சு சொல்லிட்டு உக்காந்துடுங்க. வாயில கல்லை அடக்கிக்கிட்டு உக்காருங்க."

"ஏன், எனக்கு நிறுத்தத் தெரியாதா?"

"கஷ்டம்" என்றாள்.

திவசத்துக்கு மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்தெல்லாம் குதிரைகள் வந்தன. மண்ணில் வெட்டிய அடுப்புகளில் கொப்பரைகள் கொதித்தன. துணி விரித்து, பூர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளைக் குவித்து, புளித்த குதிரைப்பால் கிண்ணம் கிண்ணமாகப் போனது. விறகு எசென்கூல் அனுப்பியதுதான். இந்தத் தடவை இன்னும் தாராளம். மதிலளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தது, கிண்ண வெட்டு முனைகள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்தபடி. கம்பளக் கூடாரத்தின் கீழ்ப்பகுதியைச் சுருட்டி மேலே கட்டியிருந்ததால் உள்ளே கறுப்பில் உட்கார்ந்திருந்த அனார்கான் தெரிந்தாள். மடியில் மடித்த வெள்ளை முக்காடு இருந்தது.

பேசச் சொன்னார்கள். கல்மூர்சா எழுந்தார். வழக்கமாக ஊன்றும் தடியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்ததைச் சிலர் கவனித்தார்கள். புது வித்தை ஏதோ வைத்திருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு சுத்தி வளைக்கல" என்றார். "மெதெர் செத்த குழில முட்டுமரம் வைக்கல. வெக்க வேண்டிய மரம் அதோ, நம்ம கறிக்கு எரியுது. திங்கக்கிழமை ஏர்மெக் அதே குழில இறங்கறான். அனார்கான், ராஜி இல்லேன்னு சொல்லு."

யாரும் அழவில்லை.

'செத்த' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அந்த ஊர் அன்றுதான் கேட்டது. கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. ஒருவர் தலை திரும்பியது, பிறகு இன்னொருவர். விறகு அடுக்கைப் பார்த்தார்கள். பழைய சுரங்கத்தில் வேலை செய்த கிழவர் ஒருவர் எழுந்து போய் ஒரு கட்டையை எடுத்தார், முனை வெட்டுக்குள் கட்டைவிரலை வைத்துத் தடவினார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிப் போனது. எசென்கூல் கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அனார்கான் தலையை உயர்த்தினாள். கண் காய்ந்திருந்தது. தெளிவாகக் கேட்டாள்.

"அண்ணே, இது நெசந்தானா?"

'நெசம்' என்று சொன்னால் போதும். ஒரே சொல். பூருல் பெண்கள் கூட்டத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த மௌனம் நீண்டது. அவர் வாழ்க்கையில் எந்த மௌனத்தையும் பாதியில் விட்டதில்லை. மௌனம் என்றால் அடுத்து வருவதற்கான இடம், அவருக்கு அப்படித்தான் பழக்கம். அத்தனை முகங்கள், அத்தனை கண்கள், ஒன்றிலும் ஈரமில்லை. தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. ஜனங்கள் யோசிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதனால் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டை தானாகத் திறந்தது.

"ஒரு தாய்க்கு ரெண்டு கண்ணு குடுத்தான் ஆண்டவன். ஒண்ணை மண்ணு மூடிச்சு. மிச்சமிருக்கற ஒத்தக் கண்ணையும் அதே மண்ணுல கொண்டுபோய் வெக்கற தாய் இந்த மலையில உண்டா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

அந்த 'இல்லை'யில் ஒரு நிம்மதி இருந்தது. மாரில் கட்டியிருந்த கயிறு அறுந்ததுபோல எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கூடாரத்துக்குள் ஒப்பாரி கிளம்பியது. கட்டையை வைத்திருந்த ஆள் அதைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அனார்கான் முகத்தை வெள்ளை முக்காட்டில் புதைத்துக்கொண்டாள். பூருல் மட்டும் தரையைப் பார்த்தாள்.

கல்மூர்சா இரண்டாவது கேள்விக்கு வாய் திறப்பதற்குள் எசென்கூல் எழுந்துவிட்டான். தொப்பியைக் கழற்றியிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

"அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை" என்றான். "நான் குத்தவாளி. இந்தக் கூட்டத்துல நின்னு சொல்றேன், குத்தவாளி. ஆனா அண்ணன்கிட்ட கத்துக்கிட்டவன், ஒண்ணு கேக்கறேன். நிக்கவேண்டிய மரத்தை, பாலமோ பள்ளிக்கூடமோ பழைய சுரங்கமோ, ராவோட ராவாத் தூக்கிட்டு வந்து கூரை போடாத வீடு ஒண்ணு இந்த ஊர்ல உண்டா?"

சிலர் சிரித்தார்கள், அழுதபடியே. "இல்லை."

"புள்ளைங்களைக் குழிக்கு அனுப்பாம குளிர்காலத்துல அடுப்பு எரிஞ்ச வீடு உண்டா?"

"இல்லை."

ஒரு மூச்சு நிறுத்தினான்.

"மெதெர் வருவானா?"

"இல்லை" என்றார்கள், தாழ்ந்த குரலில்.

கல்மூர்சாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. மூன்றாவதைச் சரியாகத்தான் சுருக்கியிருக்கிறான் என்று தோன்றியது. கோபம் அதற்குப் பிறகு வந்தது, அப்போது அதற்கு உட்கார இடமில்லை.

"மரம் வெக்கறேன். ஆண்டவன் பாத்துக்குவான், நானும் பாத்துக்கறேன்" என்றான் எசென்கூல். கூடாரத்தின் பக்கம் திரும்பி மண்டியிட்டான். "அம்மா, உங்க வாயால ஒரு தடவை. ராஜியா?"

ஒப்பாரிக்கு நடுவிலிருந்து வந்தது. "ராஜி. ராஜிப்பா."

பெண்கள் அவளுடைய கறுப்பை எடுத்தார்கள். வெள்ளை முக்காடு ஏறியது, கொஞ்சம் கசங்கி, ஈரமாக. கறி வந்தது. எசென்கூல் தன் வண்டியிலிருந்து ஒரு சபான், பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கி, புத்தம் புதியது, கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கல்மூர்சாவின் தோளில் போட்டான். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். பேச்சு எதுவாக இருந்தாலும் மரியாதை செய்வது என்று இருந்திருக்கிறான். அளவு கச்சிதமாக இருந்தது.

அனார்கான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவையைவிட இப்பத்தான் நெஞ்சு காலியாச்சு அண்ணே."

"நான் சொன்னதைக் கேட்டியா, அனார்கான்?"

"ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். பாத்தீங்கல்ல, எப்படி அழுதேன்."

குதிரை கட்டியிருந்த இடத்தில் ஏர்மெக் நின்றான். சேணத்தை இறுக்கிக் கொடுத்தான்.

"ஏர்மெக், திங்கக்கிழமை போகாதே."

அவன் காத்திருந்தான். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. போகாதே."

"என்ன அண்ணே, இன்னிக்குத் தொண்டை சரியில்ல போல. ஆரம்பத்துல தடுமாறினீங்க. அப்புறம் பிடிச்சுட்டீங்க." அவர் ஏற, வளைந்து தோள் கொடுத்தான். சிரித்தபடி சொன்னான்: "எனக்குன்னு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அம்மாகிட்ட நீங்கதான் வரணும், சொல்லிட்டேன். வேற யாரு சொன்னாலும் அவங்களுக்கு ஏறாது."

பூருல் பின்னால் கழுதையில் வந்தாள். ஊர் முனையில், "அந்தச் சபானை எனக்குக் குடுங்க. கன்னுக்குட்டிக்குக் குளிருது" என்றாள். அவர் கழற்றிக் கொடுத்தார்.

முதல் வீட்டு வாசலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்ததும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினார். "விருந்துலேர்ந்துதான் வரேன்!"

அவள் சிரித்து ரொட்டிக்குத் திரும்பினாள். கல்மூர்சா குதிரையை நடக்க விட்டார். இரண்டு கண் உவமை செலவாகிவிட்டது, அதை மறுபடி எடுக்க முடியாது என்று அவர் மனம் கணக்குப் போட்டது. அவர் அதை அதட்டினார். அது கேட்கவில்லை. முதலாவதை அனார்கானின் முற்றத்திலிருந்தே எடுக்கலாம், ஏர்மெக்கின் கைக்குழந்தையின் தொட்டிலிலிருந்து. இரண்டாவதற்கு மலை போதும்.

மூன்றாவது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. சின்னதாகத்தான் இருந்தது.